தூளியருகே ஓர் இரைச்சல்: குழந்தையின் உறக்கமும் அதன் செவியும்

சென்ற மழைக்காலத்தில், ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்காகத் தம் மகனை அழைத்து வந்திருந்த ஒரு தாய், ஊசி போட்டு முடிந்த பின்னும் எழுந்து செல்லாமல் தயங்கி அமர்ந்திருந்தார். “என்னம்மா, வேறு ஏதேனும் கேட்க வேண்டுமா?” என்று வினவினோம். பையிலிருந்து உள்ளங்கையளவுள்ள வெள்ளை நிறப் பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். விசையை அழுத்தியதும் அருவி விழுவது போன்ற ஓசை அறையை நிறைத்தது.

“இது இல்லாமல் இவன் உறங்குவதில்லை, டாக்டர். எங்கள் வீடு பேருந்துச் சாலையின்மேல் இருக்கிறது. இரவெல்லாம் லாரிச் சத்தம். இதை வாங்கிய பிறகுதான் நாங்கள் மூவரும் தொடர்ந்து நான்கு மணி நேரம் உறங்குகிறோம். ஆனால் பிள்ளைக்குக் காது கெட்டுவிடும் என்கிறார் அத்தை. அவர் சொல்வது உண்மையா?”

அந்த வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலவில்லை. நாங்களும் இதற்குமுன் பல பெற்றோரிடம், “வேண்டுமானால் பயன்படுத்திப் பாருங்கள்” என்று மட்டும் கூறி அனுப்பியிருக்கிறோம். கருவியை எங்கே வைக்கிறார்கள், எவ்வளவு சத்தமாக வைக்கிறார்கள், எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பனவற்றை நாங்கள் கேட்டதில்லை. அன்று கேட்டோம். “தூளிக் கயிற்றிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். முழுச் சத்தத்தில், விடியும்வரை” என்றார் அவர்.

செவித்திறன் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒலிமானியை வரவழைத்து, கருவியைக் குழந்தையின் தலைக்கருகில் இருக்கும் தொலைவில் ஒரு முறையும், அறையின் மறுகோடியில் ஒரு முறையும் வைத்து அளந்து காட்டினோம். இரண்டு அளவுகளுக்கும் இடையே இருந்த வேறுபாட்டைக் கண்டு அந்தத் தாய் வியந்தார். இதே ஐயம் நம் மருத்துவமனைக்கு வரும் வேறு பல குடும்பங்களுக்கும் இருக்கிறது. ஆகவே அன்று அவரிடம் கூறியதையே சற்று விரித்து இங்கு எழுதுகிறோம்.

வெண்ணிரைச்சல் என்பது என்ன?

கடைகளில் ‘ஒயிட் நாய்ஸ் மெஷின்’ என்று கேட்டால் இக்கருவியைத் தருவார்கள். வெண்மையான ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருப்பதுபோல, செவிக்கு எட்டும் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை எல்லா அதிர்வெண்களும் சம ஆற்றலுடன் கலந்த ஓசைக்கு வெண்ணிரைச்சல் என்று பெயர். நிலையம் கிடைக்காத வானொலிப் பெட்டியின் ‘உஸ்’ என்ற ஒலி இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு. சீராகப் பெய்யும் மழையின் ஓசையில் உயர்ந்த சுருதிகளின் ஆற்றல் சற்றுக் குறைந்திருக்கும். பலருக்கு அது இன்னும் இதமாகப் படும். கடையில் விற்கும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைகளையும், கடலலை, இதயத் துடிப்பு போன்ற வேறு ஒலிகளையும் சேர்த்தே தருகின்றன.

இந்த எண்ணம் புதியதன்று. ஒரு சிறு மின்விசிறியைப் பெட்டிக்குள் அடைத்து, அதன் காற்றோசையை உறக்கத்துக்குத் துணையாக்கும் கருவி 1962-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நம் வீடுகளில் அந்தப் பணியைக் கூரை மின்விசிறி காலங்காலமாகச் செய்து வருகிறது. கோடை இரவில் மின்தடை ஏற்பட்டதும் குழந்தை விழித்து அழுவதற்குப் புழுக்கம் ஒரு காரணம். அதுவரை நிலவிய சீரான ஓசை சட்டென்று நின்றுபோவது மற்றொரு காரணம். தோளில் சாய்த்து ‘ஸ்ஸ்… ஸ்ஸ்…’ என்று பாட்டிமார் எழுப்பும் ஒலியும் இதே இனத்தைச் சேர்ந்ததே.

ஏன் உறங்குகிறார்கள்?

இதற்கு இரண்டு காரணங்கள் கூறலாம். முதலாவது, கருப்பை அமைதியான இடமன்று. தாயின் இரத்தவோட்டம், இதயத் துடிப்பு, குடல் அசைவு ஆகியவற்றின் ஓசை அங்கு இடைவிடாது ஒலிக்கிறது. கருவின் செவி பிறப்பதற்குப் பல வாரங்கள் முன்பே இயங்கத் தொடங்கிவிடுவதால், தாழ்ந்த, சீரான ஓசை பிறந்த குழந்தைக்கு அந்நியமானதாக இருப்பதில்லை.

இரண்டாவது காரணம் முதன்மையானது. உறங்கும் மூளையை எழுப்புவது ஓசையின் அளவைக் காட்டிலும் அதில் ஏற்படும் திடீர் மாற்றம். முற்றிலும் அமைதியான அறையில் குக்கர் விசில், அழைப்பு மணி, தெருநாயின் குரைப்பு ஆகியவை மலைபோல எழுந்து நிற்கும். சீரான ஓசையொன்று பின்னணியில் இருந்தால் அந்த மலையின் அடிவாரம் உயர்ந்துவிடுகிறது. உச்சிக்கும் அடிக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. இதை ஒலிமறைப்பு என்பர்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. குழந்தை நோய்கள் பற்றிய ஆங்கில மருத்துவ இதழ் ஒன்றில் 1990-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பிறந்து 2 முதல் 7 நாள்களே ஆன 40 குழந்தைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வெண்ணிரைச்சல் கேட்ட 20 குழந்தைகளில் 16 பேர் ஐந்து நிமிடங்களுக்குள் உறங்கிவிட்டனர். அதைக் கேட்காத 20 பேரில் 5 பேரே அந்நேரத்துக்குள் உறங்கினர். ஆகவே இக்கருவி வெறும் விளம்பரப் பொருள் என்று ஒதுக்குவதற்கில்லை. ஆயினும் அது சிறிய ஆய்வு. உறங்கத் தொடங்கும் சில நிமிடங்களை மட்டும் பார்த்த ஆய்வு. மாதக்கணக்கில், இரவு முழுவதும் ஓடும் கருவி குழந்தைக்கு என்ன செய்யும் என்ற வினாவை அது எழுப்பவில்லை.

எவ்வளவு சத்தம்? எவ்வளவு தொலைவு?

ஓசையின் அளவை டெசிபெல் என்ற அலகால் குறிக்கிறோம். இது சாதாரணக் கூட்டல் கணக்குப்படி உயர்வதில்லை. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. இருவர் இயல்பாக உரையாடும் ஓசை ஏறத்தாழ 60 டெசிபெல். மிக்ஸியின் அருகில் நிற்பவர் செவியில் விழுவது 85 டெசிபெல்லை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும்.

கனடா நாட்டு மருத்துவர்கள் 2014-ஆம் ஆண்டு ‘பீடியாட்ரிக்ஸ்’ என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குழந்தைகளுக்கென விற்கப்பட்ட 14 உறக்கக் கருவிகளை முழுச் சத்தத்தில் இயக்கி, 30 சென்டிமீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர் ஆகிய தொலைவுகளில் அளந்தனர். மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகள் இருக்கும் அறைகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட உச்ச அளவு 50 டெசிபெல். 30 சென்டிமீட்டரிலும் 1 மீட்டரிலும் 14 கருவிகளுமே அந்த அளவைக் கடந்தன. மூன்று கருவிகள் 30 சென்டிமீட்டரில் 85 டெசிபெல்லையும் தாண்டின. தொழிற்கூடத்தில் பணிபுரியும் பெரியவர்களே அத்தகைய ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்குமேல் இருக்கலாகாது என்பது அமெரிக்கத் தொழில்நலத் துறையின் பரிந்துரை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேர வரம்பு பாதியாகக் குறைகிறது. அதாவது 88 டெசிபெல்லுக்கு 4 மணி நேரம். 91 டெசிபெல்லுக்கு 2 மணி நேரம். குழந்தையோ நாளில் பாதிக்கும் மேல் உறங்குகிறது.

இந்த ஆய்வைப் படித்த பலர் கருவியே ஆபத்தானது என்று முடிவு செய்தனர். ஆய்வு கூறியது அதுவன்று. முழுச் சத்தம், மிக அருகாமை, நெடுநேரம் ஆகிய மூன்றும் சேரும்போது தீங்கு நேரலாம் என்பதே அதன் முடிவு. இம்மூன்றும் பெற்றோர் கையில் இருப்பவை. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போது ஒலி 6 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் சற்றுக் குறைவாகவே தணியும், எனினும் தணியும். கருவியைத் தூளிக் கயிற்றிலிருந்து அவிழ்த்து எதிர்ச்சுவர் அலமாரியில் வைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

வளரும் செவியும் வளரும் மூளையும்

கைக்குழந்தையின் செவிக்குழாய் பெரியவர்களுடையதைக் காட்டிலும் மிகச் சிறியது. அதனால் உயர்ந்த சுருதி ஒலிகள் அதன் செவிப்பறையை இன்னும் வலுவாகத் தாக்குகின்றன. நமக்கு ‘பரவாயில்லை’ என்று தோன்றும் ஓசை குழந்தைக்கு மிகையாக இருக்கக்கூடும். உட்செவியில் ஒலியை நரம்புக் குறிப்பாக மாற்றும் நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இதனால்தான் இந்தச் செய்தியில் நாங்கள் சற்றுக் கண்டிப்பாகப் பேசுகிறோம்.

மூளையைப் பற்றியும் ஒரு சொல். 2003-ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில், பிறந்தது முதல் இடைவிடாத வெண்ணிரைச்சலில் வளர்க்கப்பட்ட எலிக்குட்டிகளின் மூளையில், ஒலிகளைப் பிரித்தறியும் பகுதி முதிர்வது தாமதமானது. இரைச்சலிலிருந்து விடுவிக்கப்பட்ட பின் அப்பகுதி முதிர்ச்சி அடைந்தது. எலிக்குட்டிக்கு நேர்ந்தது மனிதக் குழந்தைக்கும் அவ்வாறே நேரும் என்று கூற இயலாது. அந்த எலிகள் பகலும் இரவும் இரைச்சலிலேயே இருந்தன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் ஒன்று தெளிவு. குழந்தை மொழியைக் கற்பது தன்னைச் சுற்றியுள்ளோர் பேச்சைக் கேட்டுத்தான். இரண்டு வயதையொட்டிய குழந்தைகள், பின்னணியில் பிறர் பேச்சொலி மிகுந்திருக்கும்போது புதிய சொற்களைக் கற்க இடர்ப்படுகிறார்கள் என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே கருவி உறங்கும் வேளைக்கு மட்டும் உரியது. குழந்தை விழித்திருக்கும்போது, பால் குடிக்கும்போது, விளையாடும்போது அதை அணைத்துவிடுங்கள். அந்நேரம் அது கேட்க வேண்டியது உங்கள் குரலை.

கருவியை வைக்கும் முறை

ஒன்று: கருவிக்கும் குழந்தையின் தலைக்கும் இடையே குறைந்தது 2 மீட்டர், அதாவது ஏறத்தாழ 7 அடி இருக்கட்டும். தூளிக்குள், தொட்டில் கம்பியில், தலையணைக்கு அருகில் ஒருபோதும் வேண்டாம். வீடு சிறியதாயின் கதவருகிலோ சன்னல் பக்கமோ வையுங்கள். வெளியோசை நுழையும் திசைக்கும் குழந்தைக்கும் நடுவே அது இருப்பது நல்லது.

இரண்டு: சத்தத்தை மிகக் குறைந்த நிலையிலிருந்து தொடங்கி, தேவையான அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். குழந்தை படுக்கும் இடத்தில் 50 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. கைப்பேசியில் கிடைக்கும் ஒலியளவுச் செயலிகள் துல்லியமானவையல்ல. தோராயமாக அறிய உதவும். செயலி இல்லாதோர் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. குழந்தையின் தலை இருக்கும் இடத்தில் உங்கள் செவி இருக்குமாறு அமர்ந்து, அடுத்திருப்பவருடன் மெல்லிய குரலில் பேசிப் பாருங்கள். கேட்பதற்கு அவர் முயல வேண்டியிருந்தால், சத்தம் மிகை.

மூன்று: நேரங்குறிக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். குழந்தை நன்கு உறங்கியபின் கருவி தானே அணைந்துவிடட்டும். சாலையோர வீடுகளில் இரவு முழுவதும் தேவை என்று தோன்றினால், உறங்கத் தொடங்கிய பின்னேனும் சத்தத்தை மேலும் குறையுங்கள்.

நான்கு: மின்கம்பி குழந்தையின் கைக்கு எட்டாமல் குறைந்தது 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தவழவும் எழுந்து நிற்கவும் தொடங்கிய குழந்தை எதையும் இழுக்கும். கம்பி கழுத்தைச் சுற்றும் இடர் மெய்யானது. சிறு மின்கலங்களால் இயங்கும் கருவியாயின் மின்கல மூடி திருகாணியால் மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான் போன்ற மின்கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாய் சில மணி நேரத்தில் புண்ணாகும். உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ஐந்து: பாதுகாப்பான படுக்கைக்கு இக்கருவி ஈடாகாது. ஒரு வயது நிறையும்வரை குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். சமமான, உறுதியான படுக்கை நல்லது. தலையணை, தடித்த போர்வை, பஞ்சுப் பொம்மை ஆகியவை அருகில் வேண்டாம். தூளியில் உறங்கவைப்பது நம் வழக்கம். உறங்கியபின் சமதளப் படுக்கைக்கு மாற்றிவிடுவதே சிறந்தது.

கைப்பேசியில் ஒலிக்க விடுவோருக்கு

தனிக்கருவி வாங்காமல் கைப்பேசியிலேயே மழை ஓசையையும் மின்விசிறி ஓசையையும் ஒலிக்கவிடும் குடும்பங்களே மிகுதி. செலவில்லை என்பது உண்மை. சில எச்சரிக்கைகள் மட்டும் தேவை. காணொலித் தளத்தில் இடையே வரும் விளம்பரம் நள்ளிரவில் திடீரென்று உரத்து ஒலிக்கும். முன்னரே பதிவிறக்கிய ஒலியைப் பயன்படுத்துங்கள். அழைப்பு மணி குழந்தையை எழுப்பாதிருக்க விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். வீட்டில் அவசர அழைப்புக்கு வேறொரு தொலைபேசி இருக்கட்டும். திரை வெளிச்சம் குழந்தையின் கண்ணில் படாதவாறு கவிழ்த்து வையுங்கள். மின்னேற்றம் செய்துகொண்டே கைப்பேசியை மெத்தைமேல் வைப்பது தீ விபத்துக்கு வழி. தொலைவுக் கணக்கு கைப்பேசிக்கும் பொருந்தும். செவிக்குள் பொருத்தும் ஒலிபெருக்கிகளை எந்தக் குழந்தைக்கும் உறங்கும்போது அணிவிக்க வேண்டாம்.

முதலில் எங்களைக் கேட்க வேண்டியவர்கள்

குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வீடு திரும்பிய குழந்தைகள், செவி நரம்பைப் பாதிக்கக்கூடிய சில எதிருயிரி மருந்துகளைப் பெற்ற குழந்தைகள், மஞ்சள் காமாலை மிகுந்து இரத்த மாற்றம் செய்யப்பட்டவர்கள், மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்டவர்கள், குடும்பத்தில் பிறவிச் செவிக்குறை உள்ளவர்கள் ஆகியோரின் செவி ஏற்கெனவே கூடுதல் கவனத்துக்குரியது. இவர்களுக்குக் கருவியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். செவித்திறன் சோதனை முடிந்துள்ளதா என்றும் பாருங்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் நெறி. சில நிமிடங்களில், குழந்தை உறங்கும்போதே, வலியின்றி முடியும் சோதனை அது. அரசுத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும் செவிக்குறை கண்டறியப்படுகிறது.

எல்லாக் குழந்தைகளிடமும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. மூன்று மாதத்தில் பேரோசைக்குத் திடுக்கிடாமல் இருத்தல், ஆறு மாதத்தில் ஒலி வரும் பக்கம் திரும்பாமை, ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் நோக்காமை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், ‘பிறகு பேசிவிடும்’ என்று காத்திராமல் வந்துவிடுங்கள்.

இரைச்சல் மறைத்துவிடும் செய்திகள்

நாங்கள் மிகவும் கவலை கொள்வது இதைப் பற்றித்தான். சீரான ஓசை லாரிச் சத்தத்தை மறைப்பதுபோலவே குழந்தை தரும் செய்திகளையும் மறைத்துவிடக்கூடும். ஒவ்வோர் இரவும் குறட்டை விடும் குழந்தை, மூச்சு இடையிடையே நின்று திணறி எழும் குழந்தை, வாயால் மூச்சு விடும் குழந்தை ஆகியோருக்கு அடிநாச் சதை வீக்கமோ மூச்சுத்தடையோ இருக்கலாம். படுத்தவுடன் அழுது, தூக்கினால் அமைதியாகும் குழந்தைக்குக் காதில் சீழோ எதுக்களித்தலோ இருக்கலாம். இரவில் ஓயாமல் சொறியும் குழந்தைக்குத் தோல் ஒவ்வாமை இருக்கலாம். இவற்றுக்கு உறக்கக் கருவி மருந்தாகாது. இருமலும் இழுப்பும் உள்ள நாள்களிலும், காய்ச்சல் அடிக்கும் இரவுகளிலும், வலிப்பு நோய்க்கு மருந்து உண்ணும் குழந்தைக்கும் கருவியை அணைத்துவிட்டு, அதன் மூச்சொலி உங்களுக்குக் கேட்கும் தொலைவில் படுங்கள்.

பிறந்த முதல் ஆறு மாதங்களேனும் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, தனிப் படுக்கையில் உறங்குவது நல்லது. அதன் அழுகை கருவியின் ஓசையை மீறி உங்கள் செவிக்கு எட்டுகிறதா என்று முதல் நாளே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மேலும், இரவில் விழிப்பது குழந்தையின் இயல்பு. கைக்குழந்தையின் ஓர் உறக்கச் சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரமே. முதல் மாதங்களில் இரவில் பாலுக்காக எழுவது அதன் வளர்ச்சிக்குத் தேவை. பிறந்த எடையை இன்னும் எட்டாத குழந்தையை ஓசையால் தொடர்ந்து உறங்கவைத்துப் பால் வேளையைத் தவறவிடலாகாது. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பகல் உறக்கத்தையும் சேர்த்து, மூன்று மாதம் வரை 14 முதல் 17 மணி நேரமும், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும், ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை 11 முதல் 14 மணி நேரமும் உறக்கம் தேவை. உங்கள் குழந்தை துண்டு துண்டாக உறங்கினாலும் மொத்தத்தில் இந்த அளவை எட்டி, விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

எப்போது, எவ்வாறு நிறுத்துவது?

எந்தத் துணையுடன் உறங்கத் தொடங்குகிறதோ அதே துணையை நள்ளிரவில் விழிக்கும்போதும் குழந்தை தேடும். தாயின் மடி, தூளியின் ஆட்டம், வெண்ணிரைச்சல் ஆகிய யாவும் இதில் ஒன்றே. இதைக் கெட்ட பழக்கம் என்று அஞ்ச வேண்டாம், விடுவிக்கவும் எளிது. இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை சத்தத்தை ஒரு படி குறைத்து வாருங்கள். சில வாரங்களில் கருவி இருப்பதே தெரியாத அளவுக்கு வந்துவிடும். பிறகு ஒரு நாள் அணைத்துவிடுங்கள். காய்ச்சல், பல் முளைத்தல், பயணம், வீடு மாறுதல் ஆகிய நாள்களில் இம்முயற்சியைத் தள்ளிவையுங்கள். அதே வேளையில் நாள்தோறும் ஒரே நேரத்தில் விளக்கைத் தணித்து, முகம் கழுவி, ஒரு தாலாட்டோ சிறு கதையோ சொல்லிப் படுக்கவைக்கும் ஒழுங்கை வளர்த்து வந்தால், ஓசையின் இடத்தை அந்த ஒழுங்கு எடுத்துக்கொள்ளும்.

நம் மருத்துவமனையில் தங்கியிருக்கும்போது

வீட்டில் பழகிய கருவியைச் சிலர் குழந்தைகள் பிரிவுக்கும் கொண்டுவருகிறார்கள். செவிலியரிடம் தெரிவிக்காமல் இயக்க வேண்டாம். குழந்தையுடன் இணைத்துள்ள கண்காணிப்புக் கருவிகளின் எச்சரிக்கை ஒலி எங்களுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். பொதுப் பிரிவில் அடுத்த கட்டிலில் உள்ள குழந்தைக்கும் அமைதி தேவை. நம் பங்குக்கு, இரவு நேரத்தில் விளக்குகளைத் தணிப்பது, மருந்து நேரங்களை இயன்றவரை ஒன்றுசேர்ப்பது, தள்ளுவண்டிச் சக்கரங்களுக்கு எண்ணெயிடுவது ஆகியவற்றில் கவனம் செலுத்துகிறோம். குறை கண்டால் பணியிலுள்ள செவிலியரிடம் தயங்காமல் கூறுங்கள்.

பெற்றோரின் உறக்கம்

இக்கருவியை வாங்கும் பெரும்பாலான குடும்பங்கள் சோம்பலால் வாங்குவதில்லை. களைப்பின் எல்லையில் நின்று வாங்குகின்றன. வாரக்கணக்கில் உறங்காத தாய் எளிதில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார். அழுகை தாங்க முடியாமல் கை நடுங்கும் நிலை வந்தால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுச் சில நிமிடங்கள் அடுத்த அறைக்குச் செல்லுங்கள். அழுவதால் குழந்தைக்கு அந்தச் சில நிமிடங்களில் கேடு வராது. சினத்தில் குலுக்கினால் அதன் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். வீட்டிலுள்ள பிறர் இரவில் ஒரு முறையேனும் குழந்தையை ஏந்திக்கொள்ளட்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் மனம் ஒட்டாமலும், குழந்தை உறங்கும்போதும் உறக்கம் வராமலும் இருந்தால், தாய் தமக்காகவே எங்களிடம் வர வேண்டும்.

அந்த வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்த தாயிடம் அதை வீசி எறியுமாறு நாங்கள் கூறவில்லை. சாலைப் பக்கச் சன்னலோர அலமாரியில், மூன்றில் ஒரு பங்குச் சத்தத்தில் வைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டோம். மகனின் செவித்திறனையும் அன்றே சோதித்தோம், இயல்பாக இருந்தது. அடுத்த முறை வரும்போது மாமியாரும் உடன் வந்திருந்தார். முதல் இரண்டு இரவுகள் பிள்ளை சிணுங்கினான் என்றும், மூன்றாம் இரவு முதல் பழகிவிட்டான் என்றும் அவரே கூறினார். “முன்பு அவன் முனகுவதுகூட எங்களுக்குக் கேட்காது. இப்போது கேட்கிறது” என்றார்.

உங்கள் வீட்டிலும் இத்தகைய கருவி இருப்பின், அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். குழந்தைகள் நலப் புறநோயாளிப் பிரிவில் கேட்டால், செவித்திறன் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டுவோம். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம்.